திருடிய பிறகும் உங்களிடமே இருக்கும்... அது என்ன?

குட்டீஸ், முதலில் ஒரு விடுகதை!

உங்களிடம் ஒன்று இருக்கிறது. திருடன் வந்து அதை எடுத்துச் சென்றுவிட்டான். ஆனால், நீங்கள் போய்ப் பார்த்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது! அது என்ன?

யோசித்தீர்களா? விடை இதுதான்... உங்கள் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், பாஸ்வேர்டு!

சைக்கிள் திருடு போனால், அது நின்ற இடம் காலியாக இருக்கும். உடனே தெரிந்துவிடும். தேடலாம், போலீசில் சொல்லலாம். ஆனால், உங்கள் பாஸ்வேர்டை ஒருவன் தெரிந்துகொண்டால், உங்களிடம் எதுவும் குறையாது. அதனால், திருட்டு நடந்ததே பல நாள் தெரியாது. இதில் இருக்கும் பெரிய ஆபத்தே அதுதான்!

இப்படி ஒருவருடைய விவரங்களை எடுத்துக்கொண்டு, 'நான்தான் அவர்' என்று இன்னொருவர் நடித்து ஏமாற்றுவதற்கு, 'அடையாளத் திருட்டு' என்று பெயர். அது எப்படி நடக்கிறது, தப்பிப்பது எப்படி என்று பார்ப்போமா?

பர்சில் வந்த வம்பு!

இன்டர்நெட் பிறப்பதற்கு முன்பே நடந்த வேடிக்கையான கதை இது.

அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் 'சமூகப் பாதுகாப்பு எண்' என்று ஒரு நம்பர் உண்டு. நம் ஊர் ஆதார் எண் போல முக்கியமானது. 1936ல்தான் அதைக் கொடுக்க ஆரம்பித்தனர்.

1938ல், நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் என்ற ஊரில் இருந்த பர்ஸ் கம்பெனி ஒன்று, 'அந்த அட்டை எங்கள் பர்சில் கச்சிதமாகப் பொருந்தும்' என்று காட்ட நினைத்தது. அதற்காக, மாதிரி அட்டை ஒன்றை அச்சடித்து, ஒவ்வொரு பர்சிலும் வைத்தது. அந்த மாதிரி அட்டையில் போட்டது பொய் நம்பர் அல்ல. அங்கே செயலாளராக வேலை பார்த்த ஹில்டா விட்சர் என்ற பெண்மணியின் நிஜ நம்பர்!

அட்டை சிறியதாக இருந்தது. 'மாதிரி' என்று அதன் மீது சிவப்பு எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. ஆனாலும், பர்ஸ் வாங்கிய பலர், 'இதுதான் நம் நம்பர் போலிருக்கிறது' என்று நினைத்து, அதையே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டனர். 1943ல் மட்டும் 5,755 பேர் அந்த நம்பரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனராம்! மொத்தக் கணக்கு, 40 ஆயிரத்தைத் தாண்டியது. 1977ல் கூட, 12 பேர் அதை விடவில்லை!

அந்த நம்பரை அரசு ரத்து செய்துவிட்டு, ஹில்டாவுக்குப் புதிய நம்பர் கொடுத்தது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும், அவர்தான் அலைய வேண்டியிருந்தது.

அந்தப் பர்ஸ்காரர்கள் திருடர்கள் அல்ல, தெரியாமல் செய்தவர்கள். அதற்கே இந்தப் பாடு! வேண்டுமென்றே செய்பவன் கையில் கிடைத்தால்?

32 நிமிடங்களில் எல்லாம் காலி!

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வசித்தவர் மேட் ஹோனன். 'வயர்டு' என்ற தொழில்நுட்பப் பத்திரிகையின் எழுத்தாளர். கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கே சொல்லித் தருபவர்!

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மாலை 5 மணிக்கு அவருடைய ஐபோன் திடீரென்று அணைந்தது. திரும்ப ஆன் செய்தால், கடையில் புதிதாக வாங்கிய போன் போலக் காட்டியது. உள்ளே ஒன்றுமே இல்லை!

பிறகு ஐபேடும் அதே கதி. லேப்டாப்பும் அழிந்தது. கூகுள் அக்கவுன்டே நீக்கப்பட்டிருந்தது. அப்போது 'டுவிட்டர்' என்று அழைக்கப்பட்ட, இன்றைய 'எக்ஸ்' தளத்தில், அவர் பெயரிலேயே யாரோ அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தனர்.

லேப்டாப்போடு சேர்ந்து, அவருடைய மகள் பிறந்த முதல் ஆண்டில் எடுத்த போட்டோக்களும் போயின. வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

அவருடைய பாஸ்வேர்டை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை குட்டீஸ்! ஒரு பாஸ்வேர்டைக் கூட அவர்கள் உடைக்கவில்லை. சின்னச் சின்னத் துணுக்குகளைப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான். எப்படி என்று பாருங்கள்...

முதல் துணுக்கு: இ-மெயில் முகவரி. அது, அவருடைய சொந்த வெப்சைட்டிலேயே இருந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கூகுளில் போட்டுப் பார்த்ததும், அவருக்கு ஆப்பிள் நிறுவனத்தில் இன்னொரு மெயில் இருப்பது பாதி மறைத்த எழுத்தில் தெரிந்தது.

இரண்டாவது துணுக்கு: வீட்டு முகவரி. வெப்சைட் வைத்திருப்பவர்களின் முகவரிப் பட்டியலில், எல்லாரும் பார்க்கும்படி இருந்தது.

மூன்றாவது துணுக்கு: கிரெடிட் கார்டின் கடைசி 4 எண்கள். இதற்காக, அமேசான் நிறுவனத்துக்குப் போன் போட்டார்கள். பெயர், மெயில், முகவரி மூன்றையும் சொல்லி, 'என் அக்கவுன்டில் புது கார்டு சேர்க்க வேண்டும்' என்றனர். ஒரு போலி கார்டு நம்பரைக் கொடுத்தனர். சிறிது நேரம் கழித்து மீண்டும் போன். 'அக்கவுன்டைத் திறக்க முடியவில்லை. வேண்டுமானால் என் கார்டு நம்பரைச் சொல்கிறேன்' என்று, சற்று முன் தாங்களே சேர்த்த போலி நம்பரைச் சொன்னார்கள்! பலே கில்லாடிகள்! கதவு திறந்தது. உள்ளே, ஹோனனின் நிஜ கார்டுகளின் கடைசி 4 எண்கள் தெரிந்தன.

இப்போது ஆப்பிள் நிறுவனத்துக்குப் போன். மணி மாலை 4.33. 'நான்தான் மேட் ஹோனன்' என்றான் ஒருவன். அடையாளத்துக்கு அவர்கள் கேட்டது, வீட்டு முகவரியும், கார்டின் கடைசி 4 எண்களும்தான். இரண்டும் கையில் தயார்! தற்காலிக பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது.

போன் தொலைந்துபோனால், தூரத்தில் இருந்தபடியே அதில் உள்ளவற்றை அழிக்கும் வசதி ஒன்று உண்டு. திருடனிடம் நம் விவரங்கள் சிக்கக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தியது. அதையே திருடன் பயன்படுத்தினான்! 5.00 மணிக்கு ஐபோன், அடுத்து ஐபேட், 5.05க்கு லேப்டாப். முதல் போன் பேசியதிலிருந்து மொத்தம் 32 நிமிடங்கள்!

பணத்துக்காகவா இத்தனையும்? அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில், 'மேட்' என்று அவருக்கு டுவிட்டரில் ஒரு பெயர் இருந்தது. குட்டியான அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடித்துப் போனதாம்! பிறகு அவரிடமே அப்படிச் சொன்னான், அவர்களில் ஒருவன். அவனுக்கு வயது 19.

நல்லவேளை... அழிந்த விவரங்களை மீட்டுத் தரும் நிறுவனம் ஒன்று, நிறையச் செலவுக்குப் பின், போட்டோக்களில் பலவற்றைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது. அமேசானும், ஆப்பிளும் போனில் விவரங்களை மாற்றித் தரும் முறையில் இருந்த அந்த ஓட்டைகளை அடைத்தன.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? கடைசி 4 எண்களை, 'இது ஒன்றும் ரகசியம் இல்லை' என்று அமேசான் வெளிப்படையாகக் காட்டியது. அதே 4 எண்களை, 'இதைச் சொன்னால் இவர்தான் அவர்' என்று ஆப்பிள் நம்பியது. ஓர் இடத்தில் குப்பை. இன்னோர் இடத்தில் சாவி!

அதனால்தான், 'இதைச் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது?' என்று எந்த விவரத்தையும் அலட்சியமாக நினைக்கக் கூடாது.

விடை ஊருக்கே தெரியுமே!

'உங்கள் செல்லப் பிராணியின் பெயர் என்ன?', 'நீங்கள் படித்த முதல் பள்ளி எது?' பாஸ்வேர்டு மறந்துவிட்டால் கேட்பதற்காக, சில தளங்களில் இப்படிக் கேள்விகளை வைத்திருப்பார்கள். இதிலும் ஆபத்து உண்டு.

2008ல், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர் சாரா பாலின். அலாஸ்கா மாநிலத்தின் ஆளுநர். அவருடைய யாகூ மெயிலுக்குள் நுழைந்துவிட்டான், 20 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன். அவனிடம் யாகூ கேட்டது மூன்றே விவரம்... பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம். அவர் பிரபலம் ஆயிற்றே! மூன்றுக்கும் விடை இன்டர்நெட்டிலேயே கிடைத்தது. வசில்லா உயர்நிலைப் பள்ளியில் சந்தித்தது வரை எழுதி வைத்திருந்தார்கள்!

அந்த மாணவனும் தப்பவில்லை. 2010ல், அவனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது.

'நான் என்ன பிரபலமா?' என்கிறீர்களா? 'எங்க வீட்டு டாமிக்கு இன்று பிறந்தநாள்' என்று நாய்க்குட்டியின் போட்டோவைப் போடுபவர்களுக்கும் இதே கதைதான்! இப்படிக் கேள்வி வந்தால், உண்மையான விடையைக் கொடுக்காதீர்கள். நாயின் பெயர் கேட்டால், 'மிளகு ரசம்' என்று கொடுங்கள். திருடன் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது! ஆனால், நீங்கள் மறக்காமல் இருக்க, அதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, அப்பா, அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

ஊர் முழுக்க ஒரே சாவி!

2009 டிசம்பரில், 'ராக்யூ' என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றை ஆராய்ந்தபோது, அதிகம் பேர் வைத்திருந்த பாஸ்வேர்டு எது தெரியுமா? 123456! ஏறக்குறைய, 2.9 லட்சம் பேர் இதையே வைத்திருந்தனர்.

திருடர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஓர் இடத்தில் கிடைத்த மெயில் முகவரியையும், பாஸ்வேர்டையும் வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். மனிதர் உட்கார்ந்து போடுவதில்லை. கம்ப்யூட்டர் புரோகிராமே போட்டுவிடும். கேம்ஸ் தளத்துக்கும், மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், கேம்ஸ் தளத்தில் ஓட்டை விழும்போது மெயிலும் அம்போ! வீடு, பள்ளி, அலமாரி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்திருப்பது போலத்தான் இது.

பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சம்பந்தமே இல்லாத நான்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 'முருங்கை ரயில் கொக்கு ஜன்னல்' மாதிரி. சிரிப்பாக ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொண்டால் மறக்காது. இதையே வைத்துவிடாதீர்கள்... பத்திரிகையில் வந்துவிட்டதே!

துப்பறியலாம் வாங்க!

இப்போது நீங்கள் துப்பறிவாளர். ஒரு பையன் போட்ட நான்கு போட்டோக்கள் உங்களுக்குக் கிடைக்கின்றன.

1. பிறந்தநாள் கேக். அதில் அவன் பெயர், '11' என்ற மெழுகுவர்த்தி. போட்டோ போட்ட தேதியும் கீழே இருக்கிறது.

2. பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பையுடன். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது.

3. புது ஸ்கூட்டர் அருகே அம்மாவுடன். பின்னால், வீட்டு நம்பரும் தெருப் பெயரும் தெரிகிறது.

4. 'தாத்தா ஊருக்கு வந்தாச்சு!' என்று ரயில் நிலையத்தில்.

என்னென்ன கண்டுபிடித்தீர்கள்? முதல் போட்டோவிலேயே பிறந்த தேதி, மாதம், வருடம் மூன்றும் வந்துவிட்டன. இரண்டாவதில் பள்ளி, வகுப்பு. பல பள்ளி அட்டைகளில் பெற்றோர் போன் நம்பரும் இருக்கும். மூன்றாவதில் வீட்டு முகவரி, வண்டி நம்பர். நான்காவதில், வீட்டில் ஆள் இல்லை என்ற செய்தி!

அந்தப் பையன் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை. சந்தோஷமாக நான்கு போட்டோ போட்டான், அவ்வளவுதான். துணுக்குகள் சேர்ந்தால் முழு ஆளே கிடைத்துவிடுகிறான்!

பொதுத்தேர்வு எழுதும் அண்ணன், அக்காவிடமும் சொல்லுங்கள்... ஹால் டிக்கெட்டைப் போட்டோ எடுத்துப் போடக் கூடாது. தமிழகத்தில் தேர்வு முடிவு பார்க்க, பதிவு எண்ணும், பிறந்த தேதியும் போதும்.

குட்டீஸை ஏன் குறி வைக்கிறார்கள்?

'எங்களிடம் பணமே இல்லையே' என்று தோன்றலாம். அதுதான் திருடனுக்கு வசதி! அமெரிக்காவில், குழந்தைகளின் சமூகப் பாதுகாப்பு எண்ணைத் திருடி, அவர்கள் பெயரில் கடன் வாங்கிவிடுகின்றனர். குழந்தை வளர்ந்து, தானே கடனோ, வேலையோ கேட்கப் போகும் வரை யாருமே கவனிப்பதில்லை. அதனால், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி, பெற்றோர் இலவசமாகப் பூட்டி வைக்கும் வசதியை, 2018ல் அங்கே சட்டமாகவே கொண்டு வந்தனர்.

நம் வீடுகளில் வேறு விதம். நீங்கள் விளையாடுவது அப்பா, அம்மாவின் போனில்தானே? அதில்தான் பேங்க் ஆப், பணம் அனுப்பும் ஆப், ஓ.டி.பி., எல்லாம் இருக்கிறது. 'கேமில் இலவச வைரம் வேண்டுமா? இங்கே கிளிக் செய்து பாஸ்வேர்டு கொடு' என்று வரும் வலை, உங்களுக்காக விரித்தது போலத் தெரியும். மாட்டுவது மொத்தக் குடும்பமும்!

உஷார் பட்டியல்

* ஓ.டி.பி., பின் நம்பர், பாஸ்வேர்டு மூன்றையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்க் ஊழியர், போலீஸ், ஆசிரியர் என்று யார் பெயரைச் சொன்னாலும் சரி. உண்மையான பேங்க் இவற்றைக் கேட்காது.

* மெயிலின் பாஸ்வேர்டுதான் ராஜா. மற்ற அக்கவுன்டுகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம், மெயிலுக்குத்தான் வரும். அதற்கு மட்டும் தனி பாஸ்வேர்டு கட்டாயம்.

* 'இரண்டடுக்குப் பாதுகாப்பு' வசதியைப் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும், உங்கள் போனுக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். கூகுளில் இதைப் போட்டு வைக்கவில்லையே என்று, ஹோனன் பிறகு எழுதினார்.

* யு.பி.ஐ.,யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. 'பரிசு வந்திருக்கிறது, பின் போடு' என்றால், உங்கள் பணம்தான் போகப் போகிறது!

* ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முடிந்தால் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும், 'மறைக்கப்பட்ட ஆதார்' கொடுக்கச் சொல்லுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை எடுக்கலாம்.

* பிரவுசிங் சென்டர், பள்ளி ஆய்வகம், நண்பன் வீடு... எங்கே உட்கார்ந்தாலும், வேலை முடிந்ததும், 'லாக் அவுட்' செய்யுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

* அப்பா, அம்மா குரலிலேயே போன் வந்து ஓ.டி.பி., கேட்டாலும், வைத்துவிட்டு அவர்கள் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஏ.ஐ., உதவியால், குரலையே நகல் எடுக்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசிய வார்த்தையும் வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு வினையாகும்!

நண்பனின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும். சும்மா விளையாட்டுக்கு உள்ளே போய், அவன் பெயரில் ஆசிரியரைக் கிண்டலடித்து எழுதுகிறீர்கள். இது குறும்பா? இல்லை குட்டீஸ், இதற்குப் பெயரும் அடையாளத் திருட்டுதான்!

நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 66சி பிரிவு இதற்காகவே இருக்கிறது. மற்றவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய தண்டனை... திட்டு வாங்குவது நீங்கள் இல்லை. எதுவுமே செய்யாத உங்கள் நண்பன்!

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஏமாந்துவிட்டால், முதலில் தோன்றுவது பயம். 'அப்பா அடிப்பாரே, போனைப் பிடுங்கிவிடுவாரே' என்று மறைக்கத் தோன்றும். மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்! ஹோனன் கதையில், 32 நிமிடத்தில் என்னென்ன போயிற்று என்று பார்த்தீர்கள் அல்லவா? உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால், 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால், பணம் திருடன் கைக்குப் போகும் முன் தடுக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். பிறகு, மெயிலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வரி... பிள்ளை வந்து சொன்னால், திட்டு அப்புறம், 1930 முதலில்!

இந்த ஞாயிறு வேலை!

படித்துவிட்டு மூடி வைத்தால் போதாது. அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்து மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று: வீட்டில் உள்ள மெயில்களுக்குப் புது பாஸ்வேர்டும், இரண்டடுக்குப் பாதுகாப்பும் போடுங்கள்.

இரண்டு: முக்கியமான போட்டோக்களை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

மூன்று: மத்திய அரசின், 'சஞ்சார் சாத்தி' தளத்தில், அப்பா, அம்மா பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் ஏதாவது இருந்தால், அங்கேயே தெரிவிக்கலாம்.

மூன்றும் முடிந்ததும், பாட்டியிடம் போய் ஓ.டி.பி., என்றால் என்ன என்று விளக்குங்கள். தினமும் போன் வரும் பாட்டிக்குத்தான், உங்கள் உதவி அதிகம் தேவை!